தனியார் கட்டட பிளானை ஆராய வெளிப் பொறியாளரை அமர்த்துவது எப்படி: கொங்கு ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தோடு கட்டட வரைபடம் மட்டும் வருவதில்லை. மண் பரிசோதனை அறிக்கை, ஸ்ட்ரக்சுரல் கணக்கு, மழைநீர் வடிகால் வரைபடம், கழிவுநீர் சுத்திகரிப்பு விவரம், தீயணைப்பு ஏற்பாடு என்று ஒரு பெரிய கட்டே வந்து சேர்கிறது. அதைப் பிரித்துப் படிக்க வேண்டிய நகரமைப்புப் பிரிவில் இருப்பவர்களோ சிலர்தான். ஆக்கிரமிப்பு நோட்டீஸ், கோர்ட் வழக்குக்குப் பதில், மன்றக் கூட்டத்துக்குப் பொருள் எழுதுவது எல்லாம் அவர்கள் தலையில்தான். அதனால் அளந்து பார்க்கக் கூடியதை அளக்கிறார்கள்: பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு, பார்க்கிங். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய பகுதிக்கு வந்ததும், பதிவுபெற்ற பொறியாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்ட வேண்டியதாகிவிடுகிறது.

2019 டிசம்பர் 2 அன்று விடியும் முன், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். சுவர் என்றால் பிளானில் ஒரு கோடு என்று நினைக்கும் வழக்கத்தை அன்றே நாம் விட்டிருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் எவ்வளவு மண் நிற்கிறது, மழை நாளில் அந்த மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அலுவலகத்தில் இல்லையென்றால் வெளியிலிருந்து அமர்த்திக்கொள்ளலாம். எப்படி அமர்த்துவது, என்ன வேலை கொடுப்பது, யார் பணம் கொடுப்பது, எங்கே கோளாறு வரும் என்பதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். கவுன்சிலர்கள், நகராட்சிப் பொறியாளர்கள், குடியிருப்போர் சங்கத்தார் மூவரையும் மனதில் வைத்துத்தான்.

முழு ஏற்பாடும் இரண்டு விதிகளின் மேல் நிற்கிறது. ஆய்வுச் செலவைக் கட்டுபவர் கொடுக்கலாம். ஆனால் ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பதும் அவருக்குப் பணம் கொடுப்பதும் நகராட்சியாக இருக்க வேண்டும். வெளிப் பொறியாளர் கருத்துச் சொல்லலாம். ஆணையில் கையெழுத்திடுவது அதிகாரிதான். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் செய்யாமல் இருப்பதே மேல்.

முதல் படி: எதை வெளியே அனுப்புவது என்று பிரியுங்கள்

2024 ஜூலை 22 முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை நடப்பில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலுவலகத்தை அடைத்துக்கொண்டிருந்த சின்ன வீட்டுக் கோப்புகளில் பெரும்பங்கு இதனால் விலகிப் போகும். மிச்சமாகும் நேரத்தை எங்கே செலவிடுகிறோம் என்பதுதான் இனிமேல் கேள்வி. அடுக்குமாடி, மனைப்பிரிவு, மில், குடோன், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, கல்லூரி விடுதி ஆகியவை மீதம் இருக்கின்றன. தவறினால் பலர் உயிரைத் தொடுபவை இவைதான்.

இவற்றிலும் எல்லாவற்றையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த உபயோகப் பகுதியில் வருகிறது, சாலை அகலம் போதுமா, தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு) மீறுகிறதா என்பதை நகரமைப்புப் பிரிவே பார்க்க வேண்டும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 கையில் இருந்தால் அது தினசரி வேலை. அதை வெளியாளிடம் கொடுத்தால் அலுவலகத்துக்குத் தன் ஊரைப் பற்றிய அறிவே போய்விடும். வெளியே அனுப்ப வேண்டியவை ஐந்து: கட்டமைப்புக் கணக்கு, மண்ணும் அஸ்திவாரமும், மழைநீர் வடிகால், போக்குவரத்து, கழிவுநீர் சுத்திகரிப்பு.

எந்த அளவுக்கு மேல் போனால் கட்டாயமாக வெளி ஆய்வு என்று எண்ணால் எழுதி வைத்துவிடுங்கள். ‘தேவைப்பட்டால்’ என்று எழுதினால் தெரிந்தவருக்குத் தேவைப்படாது, தெரியாதவருக்குத் தேவைப்படும். நான் சொல்லும் எல்லைகள் இவை: 18.30 மீட்டரைத் தாண்டி விதிப்படி உயரமான கட்டடம் ஆகிவிடும் எல்லாமே. நிலத்தடித் தளம் தோண்டும் எதுவும். 3 மீட்டருக்கு மேல் மண்ணைத் தாங்கும் எந்தச் சுவரும். 5 ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு. பள்ளம், ஓடை, வாய்க்கால், குளம் ஒட்டிய எந்தத் திட்டமும். கடைசியாகச் சொன்னதற்குப் பரப்பளவு வரம்பே வேண்டாம்.

இந்த எல்லைகளை உங்கள் ஊருக்குச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கடந்த இரண்டு வருட விண்ணப்பப் பதிவேட்டை எடுத்து, எந்தக் கோப்பு அதிக நாள் தூங்கியது, எந்தக் கேள்வியில் தூங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடைப் பக்கம் ஒரு மாதிரி வரும். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கட்டடங்களில் வேறு மாதிரி வரும். அந்தத் தாள்தான் பிறகு ஒப்பந்தத்தின் வேலை விவரமாக மாறப்போகிறது.

இரண்டாம் படி: மன்றத் தீர்மானமும் சட்ட அடிப்படையும்

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் கீழ் 2023-இல் வந்த விதிகள், மேலே சொன்ன 2019 கட்டட விதிகள் ஆகியவைதான் அடிப்படை. அனுமதி தரும் அதிகாரம் சட்டம் சொன்னவரிடம் மட்டும் இருக்கும். அதை ஒப்பந்தம் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. எனவே தீர்மானத்தில் தெளிவாக எழுதுங்கள்: ‘ஆய்வாளரின் அறிக்கை ஆலோசனை மட்டுமே, ஏற்பதும் மறுப்பதும் ஆணையருடையது, மறுத்தால் காரணம் கோப்பில் பதியப்படும்.’ அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பாதகமான அறிக்கை வந்த பிறகும் ஏன் அனுமதி கொடுத்தார்கள் என்று பின்னாளில் யாராவது கேட்டால், பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

பெரிய கட்டடங்களுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் நகர ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப அனுமதி தனியாக உண்டு. அவர்கள் பார்த்ததையே மறுபடி பார்த்து விண்ணப்பதாரரை இரண்டு பக்கமும் இழுக்கக் கூடாது. ஊராட்சி எல்லையைத் தாண்டி வரும் தண்ணீர், ஊருக்குள் இருக்கும் வடிகாலின் அளவு, தெருவின் நெரிசல் எல்லாம் உள்ளூர் அமைப்புக்குத்தான் தெரியும். அதை மட்டும் உங்கள் ஆய்வாளரிடம் கொடுங்கள். மாவட்ட அலுவலகத்தோடு முதலிலேயே உட்கார்ந்து யார் எதைப் பார்ப்பது என்று ஒரு கடிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்குவதற்கு நகராட்சி நிர்வாக இயக்ககத்தின் ஒப்புதலையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடத் தணிக்கையில் இதே தொகை ஆட்சேபணையாக வந்து நிற்கும்.

மூன்றாம் படி: யாரை அமர்த்துவது

இதுதான் கொங்கு நாட்டில் கடினமான இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் ஆள் பஞ்சம் கிடையாது. கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சி.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று பழைய பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஈரோடு, சேலம் பக்கமும் நல்ல கல்லூரிகள் உண்டு. ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்சி நிறுவனங்கள் இருக்கின்றன. திறமை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதே ஆட்கள்தான் இதே ஊர் பில்டர்களுக்கு டிசைன் செய்துகொடுக்கிறார்கள். காலையில் ஒரு பில்டருக்குத் தூண் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், மாலையில் அவருடைய இன்னொரு திட்டத்தை நகராட்சிக்காக ஆராய்ந்தால் அந்த அறிக்கையை யார் நம்புவார்கள்? இதற்கு மேல் பங்காளி, சம்பந்தி, கூட்டாளி உறவுகள் வேறு. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஊர் சின்னது, தொழில் வட்டம் அதைவிடச் சின்னது. ஏற்பாட்டை அதற்குத் தகுந்தபடி வகுக்க வேண்டும்.

என் யோசனை, ஊர் மாற்றி ஆராய்வது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல் ஆகிய மாநகராட்சிகள் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்துக்கொள்ளட்டும். கோவைத் திட்டம் சேலத்து நிறுவனத்துக்குப் போகட்டும். ஈரோட்டுத் திட்டம் கோவை நிறுவனத்துக்கு வரட்டும். வரைபடமும் கணக்கும் கணினி வழியாகப் போய்விடும். இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோவையிலிருந்து ஈரோட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் போன்ற நகராட்சிகள் தனியாக டெண்டர் விட்டால் ஆள் வருவதே கஷ்டம். இந்தப் பட்டியலைப் பயன்படுத்திக்கொண்டால் அவர்களுக்கும் நல்ல பொறியாளர் கிடைப்பார்.

தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு உறை முறையில் டெண்டர் விடுங்கள். தொழில்நுட்ப உறையில் தேறியவரின் விலை உறையை மட்டும் திறக்க வேண்டும். தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடும்போது தரத்துக்கு அதிகப் பங்கு வையுங்கள். குறைந்த விலைக்கு எடுத்தவர் ஒரு கோப்புக்கு அரை நாள்கூடச் செலவிட மாட்டார். அப்படியொரு அறிக்கை வெறும் முத்திரைதான், ஏற்கெனவே நம்மிடம் இருப்பதும் அதுதான். தகுதியில் கேட்க வேண்டியது: கட்டமைப்புப் பொறியாளருக்கு முதுகலைப் பட்டமும் பத்து வருட அனுபவமும், மண்ணியல் பொறியாளர் ஒருவர், நீரியல் தெரிந்தவர் ஒருவர். டெண்டரில் பெயர் கொடுத்தவர்தான் அறிக்கையில் கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதுங்கள். பெரியவர் பெயரைக் காட்டி எடுத்துவிட்டு, போன வருடம் படிப்பு முடித்தவரிடம் வேலையைத் தள்ளுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஒப்பந்தத்தில் விடக் கூடாத நிபந்தனைகள்: ஒப்பந்தக் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் அந்த ஊர் எல்லைக்குள் தனியார் கட்டட வேலை எடுக்கக் கூடாது. கடந்த மூன்று வருடங்களில் யார் யாருக்கு வேலை செய்தார் என்ற பட்டியலைத் தர வேண்டும். ஒவ்வொரு கோப்பு வரும்போதும் ‘இந்த விண்ணப்பதாரரோடும், இவருடைய பொறியாளரோடும் எனக்குத் தொழில் தொடர்போ குடும்பத் தொடர்போ இல்லை’ என்று எழுதித் தர வேண்டும். எந்தக் கோப்பு யாருக்குப் போகிறது என்பது வரிசைப்படியோ குலுக்கலிலோ முடிவாக வேண்டும். அதிகாரி விருப்பப்படி போகக் கூடாது; ‘அவருக்கே அனுப்புங்க, சீக்கிரம் முடிச்சிடுவார்’ என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: பணம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. விண்ணப்பதாரர் ஒரு முன்பணத்தை ஊராட்சியிடம் கட்டுகிறார், அது தனிக் கணக்கில் இருக்கிறது. ஊராட்சி அமர்த்திய பொறியாளர் பில் போடுகிறார், ஊராட்சி சரிபார்த்து அந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறது. மிச்சம் விண்ணப்பதாரருக்கே திரும்புகிறது. பில் அநியாயம் என்று பட்டால் அவர் முறையிடவும் வழி உண்டு. பணம் யாருடையதாக இருந்தாலும் பொறியாளருக்கு எஜமான் ஊராட்சிதான்.

இங்கிலாந்தில் 1984 சட்டம் தனியார் ஆய்வாளர்களை அனுமதித்தது. அவர்களைக் கட்டுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்றும் வைத்தது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயில் 72 பேர் இறந்த பிறகு முழு அமைப்பையும் திருப்பிப் பார்த்தார்கள். 2022-இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 18 மீட்டரோ ஏழு மாடியோ எட்டும் குடியிருப்புகளுக்கு ஆய்வாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கட்டுபவரிடமிருந்து எடுத்துவிட்டது. நம் விதிகளின்படி பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரையும் மண்ணியல் பொறியாளரையும் அமர்த்துவது கட்டுபவர்தான். அது சரி, டிசைன் அவருடைய பொறுப்பு. அதைச் சரிபார்ப்பவரையும் அவரே அமர்த்தினால் அங்கே சரிபார்ப்பு என்று ஒன்று இல்லை.

கணக்கு எப்படி வரும் என்று ஓர் எடுத்துக்காட்டு. 70 சென்ட் இடத்தில் 60,000 சதுர அடி அடுக்குமாடி, கீழே கார் நிறுத்தத் தளம் என்று வைத்துக்கொள்வோம். கட்டமைப்புக்கு 30 மணி நேரம், மண்ணுக்கு 8, வடிகாலுக்கு 10, போக்குவரத்துக்கு 8, இடத்தைப் பார்க்க 8. மொத்தம் 64 மணி நேரம். மணிக்கு ரூ.2,000 என்றால் ரூ.1,28,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ரூ.23,040. ஆக ரூ.1,51,040. முன்பணம் ரூ.1,75,000 வாங்கியிருந்தால் ரூ.23,960 திரும்பிப் போகும். சதுர அடிக்கு இரண்டரை ரூபாய்தான் செலவு. அந்தக் கட்டடத்தில் சமையலறை டைல்ஸுக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்கு. மணிக்கணக்குக்கு ஓர் உச்ச வரம்பும் வையுங்கள். அதைத் தாண்ட வேண்டுமென்றால் நகராட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஆய்வாளருக்குக் கொடுக்கும் தொகை, பிளான் தேறினாலும் தேறாவிட்டாலும் ஒன்றேதான். அனுமதி ஆன கோப்புக்கு மட்டும் பணம் என்று வைத்தால் எல்லாக் கோப்பும் தேறிவிடும்.

ஐந்தாம் படி: கோப்பு நகரும் விதம்

விண்ணப்பம் வந்ததும் நகரமைப்புப் பிரிவு மூன்று வேலை நாளில் தாள்கள் முழுமையா என்று பார்த்துவிட வேண்டும். அரைகுறைக் கட்டை வெளியே அனுப்பினால் பொறியாளரின் மணிக்கணக்கு வீணாகும், அந்தப் பணம் விண்ணப்பதாரருடையது. முழுமையான கட்டு போனதிலிருந்து 15 வேலை நாளில் முதல் குறிப்புத் தாள், திருத்தி வந்தபின் 7 வேலை நாளில் இரண்டாவது. முதல் சுற்றில் கேட்காத புதிய கேள்வியை இரண்டாம் சுற்றில் கேட்கக் கூடாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதற்கு மட்டும் விதிவிலக்கு. ஆய்வாளரும் கட்டுபவரின் பொறியாளரும் பேச வேண்டுமென்றால் நகராட்சி அலுவலகத்தில், உதவிப் பொறியாளர் உட்கார்ந்திருக்கப் பேச வேண்டும். தனியாக போன் பேச்சு கூடாது.

குறிப்புத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். ‘அஸ்திவார வடிவமைப்பை மறுபரிசீலனை செய்யவும்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி இருக்க வேண்டும்: ‘தாள் எஸ்-04. மண் அறிக்கையில் 2 மீட்டர் வரை கரிசல் மண். தனித்தனி அஸ்திவாரம் 1.5 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. ஐஎஸ் 2720 பகுதி 40-இன் படி வீங்கும் தன்மைச் சோதனை செய்யப்படவில்லை. சோதனை முடிவைத் தரவும். அல்லது அஸ்திவாரத்தைக் கரிசலுக்குக் கீழே இறக்கவும்.’ எந்தத் தாள், என்ன குறை, எந்த விதி (ஐஎஸ் என்பது இந்தியத் தர விதி), என்ன செய்தால் தீரும் என்று நான்கும் அதில் இருக்கின்றன. சூலூர், பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டும் யாருக்கும் இந்தக் குறிப்பு பழகியதாக இருக்க வேண்டும்.

திருப்பூருக்கென்று இன்னொரு குறிப்பு. ஐஎஸ் 875 இரண்டாம் பகுதி, வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (சுமார் 200 கிலோ) பளு எடுக்கச் சொல்கிறது. குடோன் தளத்துக்கு அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 2.4, குறைந்தபட்சம் 7.5 எடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். துணி ரோலும் அட்டைப்பெட்டியும் அடுக்கப்போகும் கட்டடத்துக்கு அலுவலகப் பளு போட்ட கணக்கு வந்தால், ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது ‘மேல் மாடியில் என்ன வைக்கப் போகிறீர்கள்?’ என்பதுதான். நிலநடுக்கக் கணக்கையும் விட்டுவிட வேண்டாம். 1900 பிப்ரவரியில் கோவை குலுங்கியிருக்கிறது. ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு கோவையை மூன்றாம் மண்டலத்தில்தான் வைத்திருக்கிறது. கீழே முழுக்க கார் நிறுத்தம், சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடத்தில் அந்தக் கீழ்த்தளம்தான் பலவீனமான இடம். ஐஎஸ் 13920 சொல்லும் கம்பி விவரம் தூண்-விட்டச் சந்திப்பில் வரைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

தடுப்புச் சுவருக்கு ஏன் தனி ஆய்வு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 6 மீட்டர் உயரச் சுவர். பின்னால் சாதாரண மணல் கலந்த மண், உராய்வுக் கோணம் 30 பாகை, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன். காய்ந்த நாளில் ஒரு மீட்டர் நீளச் சுவரை அந்த மண் தள்ளும் விசை 108 கிலோநியூட்டன், ஏறக்குறைய 11 டன். இப்போது அடைமழை. நீர்ப்போக்குத் துளை அடைத்திருக்கிறது, தண்ணீர் உச்சி வரை நிற்கிறது. தண்ணீர் மட்டும் 177 தள்ளும். நனைந்த மண் இன்னும் 54 தள்ளும். மொத்தம் 231, அதாவது 23 டன்னுக்கு மேல். சுவர் அதே சுவர், மண் அதே மண். வெயிலில் பல வருடம் அசையாமல் நின்றது ஒரே இரவில் இரண்டு மடங்குக்கு மேல் பாரம் சுமக்கிறது.

ஆகவே குறிப்புத் தாளில் வர வேண்டிய கேள்விகள்: தண்ணீர் நிற்கும் நிலைக்கும் கணக்குப் போட்டீர்களா? நீர்ப்போக்குத் துளைகள் எவ்வளவு இடைவெளியில்? துளைக்குப் பின்னால் ஜல்லி வடிகட்டி வரைந்திருக்கிறதா? சுவரை ஒட்டி மேலே கார் நிறுத்தமோ தண்ணீர்த் தொட்டியோ வருமா? சுவர் விழுந்தால் கீழே யார் வீடு? கடைசிக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் எண் கிடையாது. இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான், ஆய்வாளர் நேரில் போய்ப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

மனைப்பிரிவும் பள்ளமும்

மனைப்பிரிவை ஊராட்சியும் நகராட்சியும் கவனமாகப் பார்க்க வேண்டியதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சாலை உடைந்தாலும் சாக்கடை நிரம்பினாலும் ஜனங்கள் வந்து நிற்பது நம் வாசலில். சைட் விற்றவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

10 ஏக்கர் சோளக்காடு மனைப்பிரிவாகிறது என்று வையுங்கள். மணிக்கு 50 மி.மீ. மழை. காடாக இருந்தபோது பெய்ததில் பத்தில் மூன்று பங்கு ஓடி வெளியேறும் என்று எடுத்தால் நொடிக்கு 169 லிட்டர். தார்ச்சாலையும் மொட்டை மாடியும் சிமென்ட் வாசலும் வந்தபின் பத்தில் ஏழு பங்கு என்று எடுத்தால் 394 லிட்டர். கூடுதலாக 225 லிட்டர், ஒரு மணி நேரத்தில் 8 லட்சம் லிட்டர். அது கோவையில் சங்கனூர்ப் பள்ளத்துக்கோ, திருப்பூரில் ஜம்மனை ஓடைக்கோ, சேலத்தில் திருமணிமுத்தாற்றுக்கோ போய்த்தான் ஆக வேண்டும். ஒரு லேஅவுட் என்றால் பள்ளம் தாங்கும். ஒரே பள்ளத்தின் மேல்பக்கம் இருபது லேஅவுட் வந்தால் கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் போகும். ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தன் பிளானை மட்டும்தான் காட்டுகிறார். இருபதையும் சேர்த்துப் பார்க்கக் கூடியவர் நகராட்சிக்காக வேலை செய்யும் பொறியாளர் ஒருவர்தான். வெளிப் பொறியாளரை அமர்த்துவதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய லாபம் இது.

அதனால் வேலை விவரத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘அதே நீர்ப்பிடிப்பில் ஏற்கெனவே அனுமதியான திட்டங்களின் நீரையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.’ கூடுதல் நீரை அந்த இடத்திலேயே பிடித்து வைத்து மெல்ல விட ஒரு குட்டையோ, பூங்காவுக்கு அடியில் தொட்டியோ, உறிஞ்சு கிணறுகளோ கேட்கலாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம்தான். வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு முடித்துக்கொள்வதைத் தடுக்க ஆய்வாளர் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கீழ்பவானி, காலிங்கராயன், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனப் பகுதியில் வரும் மனைப்பிரிவு என்றால் உள்ளே ஓடும் கிளை வாய்க்காலும் வடிகாலும் அதே அகலத்தில், அதே சரிவில் காட்டியிருக்கிறதா என்று புல வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றும் அதே கட்டில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: காகிதத்தோடு நிறுத்தாதீர்கள்

கட்டடம் விழும்போது விழுவது காகிதம் அல்ல. 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து 61 பேர் இறந்தார்கள். ஆய்வு செய்த பிளானும் தளத்தில் நடக்கும் வேலையும் ஒன்றுதானா என்று பார்க்க மூன்று தடவை போதும்: அஸ்திவாரக் குழி தோண்டிக் கான்கிரீட் போடும் முன் ஒன்று, முதல் தளத்துக்குக் கம்பி கட்டியதும் ஒன்று, வடிகாலை மூடும் முன் ஒன்று. ஒவ்வொரு தடவையும் தேதி தெரியும் போட்டோ, இரண்டு பக்கக் குறிப்பு. குழியில் தெரியும் மண்ணும் அறிக்கையில் எழுதிய மண்ணும் வேறாக இருந்தால் வேலை அங்கேயே நிற்க வேண்டும், நிறுத்த ஆணை நகராட்சியிலிருந்து போக வேண்டும்.

ஒவ்வொரு ஆய்விலும் நகராட்சியின் உதவிப் பொறியாளர் ஒருவர் கூட இருக்கட்டும். ஆய்வாளர் கணக்கைத் திறந்து காட்டி ஏன் இந்தக் கேள்வி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கான மணி நேரத்தை நகராட்சி தன் கையிலிருந்து கொடுக்கட்டும், விண்ணப்பதாரர் கணக்கில் போட வேண்டாம். சில வருடங்களில் சாதாரணக் கோப்புகளை வெளியே அனுப்பத் தேவையே இருக்காது.

கட்டுபவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும்

பில்டர் நண்பர்கள் இதைக் கூடுதல் தொல்லை என்று பார்க்க வேண்டாம். எத்தனை நாளில் பதில் வரும், எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே தெரிவது உங்களுக்கும் நல்லதுதான். டிசைன் தொடங்கும் முன்பே ஒரு மணி நேரம் ஆய்வாளரோடு உட்கார நேரம் கேளுங்கள். மண் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள். பக்கத்து சைட்டின் அறிக்கையை நகலெடுத்து வைப்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

குடியிருப்போர் சங்கத்தார் வார்டு குழுவிலும் பகுதி சபையிலும் கேளுங்கள்: எங்கள் தெருவுக்கு மேலே வரும் திட்டத்தை வெளிப் பொறியாளர் பார்த்தாரா, வடிகால் பற்றி என்ன எழுதினார்? தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து வாங்குவதைவிட, குறிப்புத் தாள்களை நகராட்சியே இணையதளத்தில் போடுவது சுலபம். அதற்கும் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் முடியும்போது

மூன்று வருடத்துக்கு மேல் ஒரே நிறுவனத்திடம் வைக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் ஐந்து கோப்பை எடுத்து, பட்டியலில் உள்ள இன்னொரு ஊர் நிறுவனத்திடம் கொடுத்து மறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். முதல் ஆய்வாளர் எதை விட்டார் என்பது வெளியே வந்துவிடும். கணக்குகள், குறிப்புத் தாள்கள், போட்டோக்கள், நீர்ப்பிடிப்பு வரைபடங்கள் எல்லாம் நகராட்சியின் சொத்து என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். முடிந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருத்தக் கூடிய கணினிக் கோப்பாக ஒப்படைக்கட்டும். உதவிப் பொறியாளர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, வரிசை எண் போட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்ட பிறகே கடைசி பில்லைப் பாஸ் செய்யுங்கள்.